தோல் சிலிர்க்காத மாப்பிள்ளை

மாடு வாங்குகிறவர்கள் கடைசியாக ஒரு சோதனை செய்வார்கள். பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, குளம்பைத் தட்டிப் பார்த்த பிறகு, ஒரு கை தண்ணீரை அள்ளி மாட்டின் முதுகில் வீசுவார்கள். நல்ல மாடு என்றால் தண்ணீர் பட்ட இடத்திலிருந்து தோல் சிலிர்த்து அலை போல ஓடும். சிலிர்க்கவில்லை என்றால் உள்ளே ஏதோ கோளாறு, அந்த மாடு வேண்டாம் என்று கயிற்றை விட்டுவிடுவார்கள். இந்தச் சோதனை சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை நானே இதில் தோற்றேன் என்பது மட்டும் தெரியும். உங்கள் அம்மாவை எனக்குக் கொடுக்காமல் போகப் பார்த்தது அதனால்தான்.

அம்மாவின் அப்பா, உங்கள் தாத்தா, மாட்டுத் தரகர். பாவூர்சத்திரத்திலிருந்து சிவகிரி வரை எந்தத் தொழுவில் எந்தக் காளை நிற்கிறது என்று அவருக்கு மனப்பாடம். தரகர்கள் பேரத்தை வாயால் பேச மாட்டார்கள். தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இரண்டு பேர் கையின் மேலும் போர்த்திக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்தும் அழுத்தியும் பேசுவார்கள். பேச்சு முடிந்தது என்றால் ஐந்து விரலையும் சேர்த்து ஒரே பிடி. அப்படிப் பிடித்துவிட்டால் மழை பெய்தாலும் இடி விழுந்தாலும் மாறக் கூடாது. இதை முதலில் சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

சீனச் சண்டை முடிந்த மறு வருஷம் என்னைப் பட்டாளத்தில் லடாக்குக்கு அனுப்பினார்கள். துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லை. கோவேறு கழுதைகளில் அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றி, லாரி போகாத இடத்துக்கு நடத்திக்கொண்டு போகிற வேலை. எட்டாம் வகுப்பு வரை படித்தவனுக்கு அதுவே பெரிது. இங்கிருந்து குற்றாலத்து மலையைப் பார்க்கிறீர்களே, அதன் தலையில் இன்னொரு குற்றாலத்து மலையைத் தூக்கி வைத்து, அதற்கு மேலும் முக்கால் மலையை வைத்தால் எவ்வளவு உயரமோ, ஏறக்குறைய அவ்வளவு உயரம்.

போன புதிதில் ஒரு வாளி தண்ணீரைத் தூக்கி நாலு அடி வைத்தால் நெஞ்சு நையாண்டி மேளம் அடிக்கும். காற்று இல்லாமல் இல்லை. முகத்தில் அறைகிற அளவுக்கு இருக்கும். ஆனால் உள்ளே இழுத்தால் அரை வயிற்றுச் சாப்பாடு மாதிரி நெஞ்சு நிறையாது. கழுதைகளுக்குத் தண்ணீர் காட்ட ஓடையின் மேல் பனிக்கட்டியை உடைக்க வேண்டும். ஈரத்தில் கை பட்டதும் விரல்கள் சுண்ணாம்பு போல வெளுக்கும். வலி முழங்கை வரை ஏறும். கொஞ்ச நேரத்தில் வலியும் போய்விடும். வலி போவதுதான் ஆபத்து என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்படி விரலைப் பறிகொடுத்தவர்களை நான் கண்ணால் பார்த்தேன்.

எங்களோடு வழிகாட்டியாக அந்த மலையிலேயே பிறந்த ஒருவர் வேலை பார்த்தார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. ஒரு நாள் கழுதையின் வயிற்றுப் பட்டை வளையம் கழன்று ஓடைக்குள் விழுந்துவிட்டது. அது இல்லாமல் சுமை நிற்காது. அவர் கோட்டுக் கையைச் சுருட்டிவிட்டு, பனிக்கட்டிக்கு அடியில் முழங்கை வரை வெறுங்கையை விட்டுத் துழாவினார். துழாவிக்கொண்டே எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். ஒரு வெற்றிலை மடித்துப் போட்டு மெல்லுகிற நேரம் இருக்கும். வளையத்தோடு வெளியே வந்த அந்தக் கை கோவைப்பழம் போலச் சிவந்திருந்தது. அதிலிருந்து ஆவி பறந்தது. நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். அவர் என்ன நினைத்தாரோ, மரத்துப் போன என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கோட்டுக் கைக்குள் செருகிக்கொண்டார். தண்ணீரிலிருந்து இப்போதுதான் எடுத்த கை, அடுப்போரம் கிடந்த கல் மாதிரிச் சூடாக இருந்தது. இதுவும் என்னைப் போல ஒரு மனிதர் கைதானே, இதற்குள் ஓடுவதும் ரத்தம்தானே என்று அன்று முழுக்க யோசித்தேன்.

பதினாலு மாதம் அங்கே இருந்தேன். எப்போது மாறியது என்று குறித்துச் சொல்ல முடியவில்லை, ஆனால் மாறியது. நெஞ்சு அடங்கியது. பனிக்கட்டியை உடைக்கும்போது விரல் முதலில் வெளுக்கும், பிறகு தானாகவே சிவக்கும். மலைக்காரர் கை அளவுக்கு இல்லை. இருந்தாலும் என் கை பழைய கை இல்லை.

அறுபத்து நாலாம் வருஷம் ஆனி மாதம் இரண்டு மாத லீவில் வந்தேன். கடிதத்திலும் போட்டோவிலும் பெண் பேசி முடித்திருந்தார்கள். நிச்சயதார்த்தம் ஆனியிலேயே. கல்யாணம் ஆவணி முதல் முகூர்த்தத்தில். அது கழிந்து நாலாம் நாள் நான் ரயிலேற வேண்டும். இதில் ஒரு நாள் தவறினாலும் அடுத்த லீவு வரை யாரும் பெண்ணை வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள்.

சாரல் தொடங்கியதும் சம்பந்தம் செய்யப் போகிற ஆண்கள் சேர்ந்து அருவியில் குளிப்பது வழக்கம். நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால் உங்கள் தாத்தா என்னைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு பெரிய அருவியில் நின்றோம். நல்ல தண்ணீர். தலையில் விழுந்தால் கழுத்து உள்ளே போகிற வேகம். கொஞ்ச நேரத்தில் அவர் வெளியே வந்துவிட்டார். உதடு கறுத்து, பல் கிட்டித்து, தொடை ஆடியது. சுற்றிலும் குளித்துவிட்டு வந்தவர்கள் எல்லாரும் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கடைவீதியில் நிற்கிற மாதிரி நின்றேன்.

"குளிரல்லியா மாப்ள?"

"இல்ல மாமா. வெந்நி மாதிரில்லா இருக்கு."

கொஞ்சம் பெருமைக்காகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வெந்நியா?" என்றார். என் முதுகையே பார்த்தார். சாரல் காற்று அந்த ஈர முதுகில் அடித்தது. அவர் பார்வை மாட்டின் முதுகைப் பார்க்கிற பார்வை என்று அப்போது எனக்குத் தெரியாது. துண்டை எடுத்து என் கையில் போர்த்தினார். உள்ளே என் விரல்களைத் தொட்டார். பிறகு மணிக்கட்டுக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு நாடியைப் பிடித்தார். அவருடைய கை பாம்பு போலச் சில்லென்று இருந்தது. என் கை சூடாக இருந்தது. நெஞ்சு நிதானமாக அடித்தது.

துண்டை உருவிக்கொண்டு, "சரி, வாங்க போவோம்" என்றார். பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் பெண் வீட்டிலிருந்து ஆள் வந்தது. நிச்சயதார்த்தம் இப்போதைக்கு வேண்டாமாம். காரணம் சொல்லவில்லை.

மாப்பிள்ளை தானே பெண் வீட்டுக்குப் போவது முறை இல்லை. நான் போனேன். உங்கள் தாத்தா தொழுவில் நின்றார். என்னைக் கண்டதும் காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன குத்தம்னு சொல்லுங்க மாமா."

"உங்க மேல குத்தம் இல்ல. நெஞ்சுலதான் என்னமோ இருக்கு. அவ்வளவு தண்ணிக்கும் தோலு சிலிர்க்கல்ல. நாடி ஓடல்ல, நடக்குது. உசுரு உள்ள மனுசனுக்குக் குளுந்த தண்ணி பட்டா நெஞ்சு குதிக்கணும்லா?"

எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் என்றால், மலையிலிருந்து இறங்கிய நாள் முதல் என் நெஞ்சு இப்படி மெதுவாக அடிப்பது எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. மேலே ஏதாவது கெட்டுப் போய்விட்டதோ என்று யாரிடமும் கேட்காமல் வைத்திருந்தேன். அதையே அவர் வாயால் கேட்டதும் தொழுவின் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் சொன்ன இன்னொன்றையும் எழுதுகிறேன். உங்கள் பெரியம்மாவின் கணவரை நீங்கள் பார்த்ததில்லை. கல்யாணமாகி ஒன்பதாம் மாதம், மார்கழியில், குளிக்கக் கிணற்றில் குதித்தவர் மேலே வரவில்லை. நீச்சல் தெரியாதவர் இல்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள்.

"ஒரு கன்னுக்குட்டிய வாங்கணும்னாலும் நாலு வாட்டி தடவிப் பாக்குதவன் நான்" என்றார் தாத்தா. "மூத்தவள அந்தப் பையன் கைய ஒரு வாட்டி தொட்டுப் பாக்காமக் குடுத்துட்டேன். இவளையும் அப்படிக் குடுக்க மாட்டேன்."

திரும்பி நடந்தேன். அப்போது உள்ளேயிருந்து பெரியம்மா வெளியே வந்தாள்.

"ஏம்ப்பா, மாட்டுக்குப் பாக்குத சோதனைய மனுசனுக்குப் பாத்துட்டு நிக்கிய. தென்காசியில டாக்டரம்மா இருக்காவல்லா? கூட்டிட்டுப் போயிக் காட்டுங்க. நெசமாவே கோளாறுன்னா அவரும் தெரிஞ்சிக்கிடட்டும். இல்லன்னா தங்கச்சிக்கு வந்தத நாம ஏன் கெடுக்கணும்?"

இழந்தவளே இப்படிச் சொன்னது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். உங்கள் அம்மா அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன். "மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கிட்டிருந்தேன். நீங்க பேசுத சத்தம் கேக்கணும்னு மெதுவா ஆட்டினேன்" என்றாள்.

டாக்டரம்மா என் நெஞ்சில் குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார். முதுகில் வைத்துக் கேட்டார். பட்டாளத்தில் எங்கே இருந்தேன், எவ்வளவு நாள், என்ன வேலை என்றெல்லாம் விசாரித்தார். பிறகு தாத்தாவைப் பார்த்து, "நெஞ்சு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"குழாயில கேட்டா நல்லாத்தாம்மா இருக்கும். தண்ணி பட்டால்லா தெரியும்" என்றார் தாத்தா.

வேறு டாக்டராக இருந்தால் விரட்டியிருப்பார். இந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு பெரியவரே. கையைக் குளிர்ந்த தண்ணியில வச்சுப் பார்க்கிற சோதனை ஒண்ணு எங்ககிட்டயும் உண்டு. நாளைக்குக் காலையில ஐஸ் கொண்டு வாங்க" என்றார்.

தென்காசியில் ஐஸுக்கு எங்கே போவது? கொல்லத்திலிருந்து புளியறை வழியாக வரும் லாரியில் மீன் பெட்டிக்குள்தான் ஐஸ் வரும். விடிந்ததும் வாளியோடு மார்க்கெட்டில் நின்றேன். மீன்கார சாயபு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மீனு வேண்டாம், ஐஸு மட்டும் போதும்னு வந்தவன இன்னைக்குத்தான் பாக்குதேன். ஐஸ வச்சு என்ன கொழம்பு வைக்கப் போறியோ" என்று சொல்லிக்கொண்டே வாளி நிறைய அள்ளிப் போட்டார். ஐஸ் உருகாமல் இருக்கப் போட்ட உமியும் மீன் செதிலும் சேர்ந்தே விழுந்தன.

அன்று வெள்ளிக்கிழமை. தாத்தா வாளியைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா மீன் வாளியில கைய விடச் சொல்லுதியளே தாயி."

"முதல்ல நான் விடுறேன்" என்று டாக்டரம்மா தம் இடது கையை ஐஸ் தண்ணீரில் வைத்தார். வலது கையில் பட்டையைச் சுற்றி நர்ஸ் காற்று அடித்தார். கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறி இறங்குவதை நான் அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன். ரத்தம் உள்ளே எவ்வளவு அழுத்தமாக ஓடுகிறதோ அதை அது காட்டுகிறதாம். கை தண்ணீருக்குள் போன பிறகு பாதரசம் முன்னை விடக் கொஞ்சம் உயரத்தில் நின்றது. "வலிக்குது" என்று சிரித்துக்கொண்டே கையை எடுத்தார்.

அடுத்தது தாத்தா. "அம்மாவே வச்சிட்டாவ, நமக்கென்ன" என்று முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கையை விட்டார். நர்ஸ் காற்றை அடித்தார், மறுபடி அடித்தார், டாக்டரம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பாதரசம் குழாயில் கிடுகிடுவென்று மேலே போயிருந்தது. தாத்தா முகம் வேர்த்துவிட்டது. "போதும், எடுங்க" என்று டாக்டரம்மா தாமே அவர் கையைப் பிடித்து வெளியே எடுத்தார். சிரிப்பு போய்விட்டது. அடுத்து என்னைக் கூப்பிட்டார்.

நான் கையை வைத்தேன். உமி விரலில் ஒட்டியது. ஓடை ஞாபகம் வந்தது. ஆனால் அங்கே பயம் இல்லை, இங்கே இருந்தது. எனக்குப் பெண் உண்டா இல்லையா என்பது இந்தக் கண்ணாடிக் குழாய் சொல்வதைப் பொறுத்தது, இன்னும் எத்தனை நாள் உயிர் என்பதும் அதிலேயே. காற்று அடித்தார்கள். பாதரசம் இருந்த இடத்தை விட்டுக் கொஞ்சம்தான் நகர்ந்தது. டாக்டரம்மா தாமே மறுபடி பார்த்தார். பிறகு, "வலிக்குதா?" என்றார்.

"சுள்ளுன்னு இருக்கும்மா. தாங்கலாம்."

"அப்ப எடுக்காதீங்க."

கை அங்கேயே இருந்தது. வெளியே காத்திருந்த நோயாளிகள் கதவோரம் வந்துவிட்டார்கள். ஒருவர் தவறாமல் எல்லாரும் வாளிக்குள் பார்த்தோம். தண்ணீருக்குள் என் விரல்கள் வெளுத்துக் கிடந்தன. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு நகத்தடியில் லேசாக ஒரு ரோஜா நிறம் வந்தது. அது நுனியிலிருந்து பரவி, விரல் முழுக்கச் சிவந்தது. ஐஸுக்குள்ளேயே, ஐஸ் தொட்டுக்கொண்டிருக்கும்போதே. டாக்டரம்மா தண்ணீருக்குள் கையை விட்டு என் விரலைத் தொட்டார். அவர் முகம் கோயிலில் கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் நிற்கிறவர்கள் முகம் போல இருந்தது.

"பெரியவரே, இங்க வந்து தொட்டுப் பாருங்க" என்றார்.

தாத்தா தொட்டார். வெள்ளிக்கிழமை மறந்துவிட்டது.

அந்த அம்மா அன்று சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். குளிர் பட்டால் தோலில் இருக்கிற ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கிற சூட்டைக் காப்பாற்ற உடம்பு செய்கிற யுக்தி அது. வயல் மடைகளை எல்லாம் அடைத்தால் வாய்க்காலில் தண்ணீர் ஏறும் அல்லவா, அப்படி உள்ளே அழுத்தம் ஏறும். நெஞ்சு அதை எதிர்த்துத் தள்ள வேண்டும். மலை உயரத்தில் வெகுநாள் இருந்தவனுக்கு மடை அடைபடுகிறது, ஆனால் சீக்கிரமே தானாகத் திறக்கிறது. விரலுக்குச் சூடான ரத்தம் போய்ச் சேர்கிறது. வாய்க்காலும் பொங்குவதில்லை. அங்கேயே பிறந்தவர்களுக்கு இது இன்னும் நன்றாக நடக்கும் என்று கேள்வி. நெஞ்சு மெதுவாக அடிப்பதும் அதே மாதிரிதான். காற்று லேசான இடத்தில் உழைத்துப் பழகிய நெஞ்சு, இங்கே இவ்வளவு காற்று கிடைத்ததும் பதறாமல் வேலை செய்கிறது.

"உயரம் செஞ்சதா, குளிர் செஞ்சதா, தினம் பனிக்கட்டி உடைச்ச பழக்கம் செஞ்சதா, அதைப் பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது. மூணும் சேர்ந்துதான் இருக்கும்" என்றார்.

அவ்வளவு படித்தவர் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

தாத்தா வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்பம், மட தொறக்காத ஆளுக்கு வாய்க்காக் கரை ஒடஞ்சிருமோ?" என்று மெதுவாகக் கேட்டார். யாரை நினைத்துக் கேட்டார் என்று எனக்குத் தெரியும்.

"பார்க்காத நெஞ்சைப் பத்தி நான் சொல்லக் கூடாது பெரியவரே. ஆனா பார்த்த நெஞ்சைப் பத்திச் சொல்லணும். கரை பலவீனமா இருக்கிறது உங்களுக்கு. உப்பைக் குறைங்க, மருந்து எழுதித் தர்றேன். இனிமே அருவியில போய்த் திடுதிப்னு தலையைக் கொடுக்காதீங்க. முதல்ல கால், அப்புறம் கை, நிதானமா நனைங்க."

தாத்தா தலையை ஆட்டிக்கொண்டு, "இம்புட்டு வருசம் தரகு பாத்தவன், சொந்த மாட்டுல ஏமாந்திருக்கேன் பாத்தியளா" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் தோளிலிருந்து துண்டை எடுத்தார். மீன் வாடையடிக்கிற என் கையின் மேல் போர்த்தினார். உள்ளே என் ஐந்து விரலையும் சேர்த்து ஒரே பிடி பிடித்தார். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

பிறகு நான் இன்னும் இரண்டு தடவை மலைக்குப் போய் வந்தேன். பட்டாளத்தை விட்டு வந்து மூன்று வருஷம் ஊர்ச் சோறு தின்ற பிறகு, ஒரு சாரலில் தாத்தாவும் நானும் பெரிய அருவிக்குப் போனோம். அவர் டாக்டரம்மா சொன்னபடி ஓரமாக உட்கார்ந்து காலை நனைத்து, கையை நனைத்து, அதோடு போதும் என்று தலையைத் துவட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்துவிட்டார். நான் அருவிக்குள் போய் வந்தேன். வெளியே வந்ததும் பல் கிட்டித்தது. முதுகு முழுக்கப் புல்லரித்தது. நெஞ்சு குதித்தது. எனக்கே அதிசயம். அந்த உயரம் கற்றுக்கொடுத்ததை உடம்பு சொல்லாமல் கொள்ளாமல் திருப்பிக் கொடுத்துவிட்டது. எவ்வளவு தேவையோ அதைத் தேவையான காலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள இந்த நெஞ்சுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அந்த மலைக்காரர் எப்படி இருக்கிறாரோ. அவர் கையில் இன்னும் ஆவி பறக்கும், அது பிறப்போடு வந்தது.

தாத்தா என் முதுகைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்துபோயிற்று.

"வெந்நி எப்படி மாப்ள இருக்கு?" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை, தாடை ஆடியது. அவர் எழுந்து வந்து துண்டைப் போர்த்தி உள்ளே என் இரண்டு கைகளையும் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தார். "இப்பந்தான் தோலு சிலிர்க்குது" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தார். அன்றைக்கு அவர் கைதான் சூடாக இருந்தது.